சிரிக்க வைக்கும் விலங்குப் படநூலைச் செய்து முடித்தல்: முழுமையான வழிகாட்டி

மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கு, விலங்குகளை வைத்துச் சிரிப்பூட்டும் படநூல் ஒன்றை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே எழுதி, வரைந்து, அச்சிட்டு எடுக்க விரும்புபவருக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை நானே செய்து பார்த்திருக்கிறேன். பின்னர் புதிதாகத் தொடங்கிய பலரின் பக்கத்தில் இருந்தும் பார்த்திருக்கிறேன். அநேகமானோர் இடறுவது ஒரே இடத்தில்தான். கதை மனதில் தோன்றிய கிழமையே வர்ணப் பெட்டியைத் திறந்து, முதற்பக்கப் படத்தை நாட்கணக்கில் வரைந்து முடித்துவிடுகிறார்கள். அந்தப் படம் அந்தப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று பின்னர் தெரியவரும்போது அதைக் கைவிட மனம் வருவதில்லை.

படநூலில் பிள்ளை சிரிப்பது தாளைப் புரட்டும் கணத்தில். ஆகவே எந்தப் பக்கத்தில் எது வருகிறது என்பது முடிவாகும் வரை வர்ணத்தைத் தொடக்கூடாது. கீழே உள்ள படிகளின் ஒழுங்கு முழுவதும் இந்த ஒரு காரணத்தால் அமைந்தது.

விளக்கம் எளிதாக இருக்க, ஒரே கதையை உதாரணமாகக் கடைசி வரை எடுத்துச் செல்கிறேன். சேவலாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. இனி ஊரை யார் எழுப்புவது? ஆட்டார், பூனையார், காகத்தார் என்று ஒவ்வொருவராக முயன்று பார்க்கிறார்கள். கதை இவ்வளவுதான்.

1. தொடங்குமுன் வேண்டியவை

ஏ4 தாள் ஒரு கட்டு, 2பி பென்சில், அழிறப்பர், ஸ்டேப்ளர் ஆகியவை போதும். வர்ணம், டப்லெட், மென்பொருள் எல்லாம் பத்தாம் படிக்கு உரியவை. அவற்றை இப்போது வாங்கினால் வாங்கியதற்காகவே பாவிக்கத் தோன்றும்.

கடையில் வாங்க முடியாத ஒன்றும் வேண்டும்: உங்கள் வீட்டுப் பிள்ளையல்லாத எட்டுப் பத்துப் பிள்ளைகள். உங்கள் பிள்ளை உங்களைப் பார்த்தே சிரிக்கும். அந்தச் சிரிப்பை நூலின் கணக்கில் எழுத முடியாது. ஊர் முன்பள்ளி ஆசிரியையிடம் முன்கூட்டியே பேசி, பெற்றோருக்கும் தெரியப்படுத்தி, இரண்டு காலைப் பொழுதுகளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு ஒரு நாள் சென்று, கையில் கிடைக்கும் படநூல்களில் இருபதையாவது புரட்டுங்கள். கதையைக் குறிக்க வேண்டாம். உங்களுக்குச் சிரிப்பு வந்த பக்கத்தின் எண்ணை மட்டும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்த எண்களில் எத்தனை இரட்டைப்படை என்று வீட்டுக்கு வந்து பாருங்கள். அதன் காரணம் நான்காம் படியில் வருகிறது.

2. வயதைத் தீர்மானித்தல்

"எல்லாப் பிள்ளைகளுக்கும்" என்று தொடங்கும் நூல் ஒரு பிள்ளையையும் சென்றடையாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆடு "மியாவ்" என்றாலே போதும், விழுந்து விழுந்து சிரிக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு, ஆடு தன்னைப் பெரிய பாடகர் என்று எண்ணிக்கொண்டு நிற்பது சிரிப்பூட்டும். சிலேடையும் சொல்விளையாட்டும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் பிடிபடுகின்றன. எழுதும் பெரியவருக்கு அவை முதலில் தோன்றுவதால், முதலில் வெட்டப்பட வேண்டியவையும் அவையே.

ஒரு வயதை எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். நான் "நான்கு" என்று ஒட்டியிருந்தேன்.

3. கதையை ஒரு வரியில் எழுதுதல்

ஒரு வரியில் சொல்ல முடியாத கதை 24 பக்கங்களுக்குள் நிற்காது. அந்த வரியில் ஒரு விலங்கும், அதற்கு நேர்ந்த ஒரு சங்கடமும் இருக்க வேண்டும். "ஓர் ஊரில் ஒரு நல்ல ஆடு இருந்தது" என்பதில் சங்கடம் இல்லை. "கூவ வேண்டிய நேரத்தில் சேவலுக்குத் தொண்டை கட்டிவிட்டது" என்பதில் இருக்கிறது. கேட்டவுடன் "பிறகு?" என்று கேட்கத் தோன்றினால் வரி சரி.

இந்தப் படியில் புதியவர்கள் செய்யும் தவறு, கதைக்கு முன்னரே நீதியைத் தெரிவு செய்துவிடுவது. பல் துலக்க வேண்டும், பெரியோர் சொல் கேட்க வேண்டும் என்று முடிவில் ஒரு வசனத்தை நட்டுவைத்து, விலங்குகளை அதை நோக்கிச் சாய்த்துக்கொண்டு போகிறார்கள். விருப்பமின்றி இழுத்துச் செல்லப்படும் ஆட்டின் முகம்தான் அந்தக் கதையின் எல்லா விலங்குகளுக்கும் வந்துவிடும். நீதி சொல்லும் நூல்கள் வீட்டில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

தெரிவு செய்யும் விலங்கைப் பிள்ளை நேரில் கண்டிருந்தால் நல்லது. சிரிப்பு என்பது வழமை மாறுவதைக் காண்பது. வழமை தெரியாத விலங்கிடம் மாறுவதற்கு ஒன்றுமில்லை. ஆடு, மாடு, நாய், பூனை, கோழி, காகம், அணில், பல்லி, தவளை என்று நம் வளவுக்குள்ளேயே பத்து நூலுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

4. இருபத்து நான்கு பக்கங்களைப் பிரித்தல்

நடுவில் இரண்டு கம்பி அடித்துக் கட்டும் நூலில் ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கங்கள் கிடைக்கும். ஆகவே பக்கங்களின் எண்ணிக்கை நான்கின் மடங்காக இருந்தே ஆகவேண்டும். 22 பக்கங்களில் கதை முடிந்துவிட்டது என்று கூறினால் அச்சகம் இரண்டு வெற்றுப் பக்கங்களைச் சேர்க்கும். அவை எங்கே விழுகின்றன என்பது உங்கள் கையில் இராது. வெளிநாட்டுப் படநூல்களில் 32 பக்கம் அதிகம் காணப்படுவது, பெரிய அச்சுத்தாளை மடிக்கும்போது 8, 16 என்று பக்கங்கள் வருவதால். முதல் முயற்சிக்கு அட்டை நீங்கலாக 24 பக்கங்கள் போதுமானவை.

முதலாம் பக்கம் வலப்புறத்தில் தனியாக இருக்கும், அது தலைப்புக்கு. 2–3 முதல் 22–23 வரை எதிரெதிரான பதினொரு இணைப்பக்கங்கள். 24ஆம் பக்கம் இடப்புறத்தில் மீண்டும் தனியாக நிற்கும். பதிப்பு விவரங்களை அட்டையின் உட்புறத்திற்குத் தள்ளிவிட்டால், இந்த 24ஆம் பக்கம் ஒரு கடைசிச் சிரிப்புக்குக் கிடைக்கிறது. அதைப் பதிப்பு விவரங்களுக்குக் கொடுத்து வீணாக்குபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும்.

இணைப்பக்கத்தைத் திறந்த கணத்திலேயே பிள்ளையின் கண் இரண்டு பக்கங்களையும் பார்த்துவிடுகிறது. நாம் இடப்பக்க வசனத்தை வாசித்து முடிப்பதற்குள் வலப்பக்கப் படத்தை அது விழுங்கிவிடும். ஆகவே வலப்பக்கத்தில் வைத்த ஆச்சரியம் ஆச்சரியமாக இராது. கேள்வியை ஒற்றைப்படைப் பக்கத்தில் நிறுத்துங்கள். விடையைத் தாளுக்குப் பின்னால், இரட்டைப்படைப் பக்கத்தில் ஒளித்து வையுங்கள்.

எங்கள் சேவலார் கதை இப்படிப் பிரிந்தது. 2–3இல் சேவலார் கூரையில் ஏறிக் கழுத்தை நீட்டுகிறார். தாளைப் புரட்டினால் 4–5இல் "க்ர்ர்" என்ற ஒரு சின்ன ஓசை மட்டும் வருகிறது. 6–7இல் ஆட்டார் தொண்டையைச் செருமி ஆயத்தமாகிறார், 8–9இல் இரண்டு பக்கங்களையும் நிறைத்து "மே!" ஆனால், ஊர் எழும்பவில்லை. 10 முதல் 13 வரை பூனையார் அதேபோல. 14–15இல் காகத்தார் ஆயத்தம். 16–17இல் "கா!" என்றவுடன், தூக்கத்திலேயே அம்மம்மா "ஆரோ வரப்போகினம்" என்று முணுமுணுத்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுக்கிறார். 18–19இல் எல்லோரும் இரவிரவாகக் கூவப் பழகுகிறார்கள். 20–21இல் மறுநாள் விடிகிறது; பழகிய களைப்பில் அத்தனை பேரும் தூக்கம். 21ஆம் பக்கத்தின் ஓரத்தில் வீட்டுக் கதவு மெல்லத் திறக்கிறது. புரட்டினால், கிணற்றுக்கட்டில் ஏறி நிற்கும் அம்மம்மா: "கொக்கரக்கோ!" 24ஆம் பக்கத்தில் சேவலார் அம்மம்மாவின் சாய்மனைக் கதிரையில், கழுத்தில் துவாயோடு, மல்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். அங்கே வசனமே இல்லை.

மூன்று முயற்சிகள் ஏன் என்று கேட்கலாம். முதலாவது, வழக்கத்தை உண்டாக்குகிறது. இரண்டாவது, பிள்ளை அதைக் கண்டுகொண்டு நமக்கு முன்னரே "ஊர் எழும்பவில்லை" என்று சொல்லத் தொடங்குகிறது. மூன்றாவது, அந்த வழக்கத்தை உடைக்கிறது. நான்காவது விலங்கைச் சேர்த்தபோது பிள்ளைகள் பாயில் புரளத் தொடங்கினார்கள்.

5. மாதிரிப் புத்தகம் செய்தல்

ஆறு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்து, மடிப்பில் கம்பி அடியுங்கள். ஏ5 அளவில் 24 பக்கங்கள் உங்கள் கையில் இருக்கும். பக்க எண்களை உடனே இடுங்கள். இடாமல் வரையத் தொடங்கினால் மூன்றாம் பக்கத்திலேயே கணக்குத் தப்பிவிடும்.

இதில் குச்சி மனிதர்களும் வட்ட விலங்குகளும் போதும். அழகாக வரையக்கூடாது என்றே சொல்வேன், ஏனெனில் அழகாக வரைந்த பக்கத்தைக் கிழிக்கக் கை வராது. என் மாதிரிகளில் மூன்று குப்பைக்குப் போயின, நான்காவதுதான் நின்றது.

இறுதி நூலை ஏ4 நெடுக்கு அளவில் வைத்துக்கொண்டால் மாதிரியின் விகிதம் அப்படியே பொருந்தும். போட்டோக்கொப்பிக் கடையில் 141 விழுக்காடு பெருப்பித்தால் ஏ5 பக்கம் ஏ4 ஆகிவிடும்; அந்தப் பிரதியின் மேல் தாளை வைத்து இறுதி வரைவைத் தொடங்கலாம். விரித்த நூல் ஏ3 அளவாக இருக்கும் என்பதால், இணைப்பக்கப் படத்தை ஒரே தாளில் உண்மை அளவிலேயே வரையவும் முடியும். ஏ5 நூல் அச்சுக்கு மலிவுதான். ஆனால் பாயில் பத்துப் பேர் சுற்றியிருக்கும்போது பின்வரிசைப் பிள்ளைக்குப் பூனை எது, உரல் எது என்று தெரியாது.

6. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுதல்

முழு வேலையிலும் அதிகம் கற்றுத்தரும் படி இது. அதிகமானோர் தாண்டிச் செல்லும் படியும் இதுவே. பிள்ளைகளுக்கு முன்னால் தரையில் அமர்ந்து, நூலைப் பக்கவாட்டில் பிடித்து, நடிக்காமல் சாதாரணமாக வாசியுங்கள். நீங்கள் குரலை மாற்றி முகத்தைக் கோணி வாசித்தால் சிரிப்பு உங்களுக்குக் கிடைக்கும், நூலுக்குக் கிடைக்காது. நாளை அதை வாசிக்கப்போவது வேலை முடிந்து களைத்து வந்த ஒரு தகப்பன்.

பக்கத்தில் ஒருவரை இருத்தி, எந்தப் பக்கத்தில் சிரித்தார்கள், எந்தப் பக்கத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள், என்ன கேட்டார்கள் என்ற மூன்றையும் மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். "நல்லா இருந்ததோ?" என்று பிள்ளைகளைக் கேட்காதீர்கள். எல்லோரும் ஓம் என்பார்கள்.

எனது முதல் வாசிப்பில் காகத்தாரின் இடத்தில் ஒரு கழுதை இருந்தது. "காள்! காள்!" என்று நான் வாசித்ததும் எங்கும் அமைதி. முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி முழங்காலில் எழும்பி, படத்தில் விரலை வைத்து, "இது மாடோ?" என்று கேட்டாள். மன்னாரிலும் கற்பிட்டியிலும் கழுதைகள் வீதியில் திரிகின்றன. எங்கள் முன்பள்ளிப் பிள்ளைகளில் ஒருவர்கூட நேரில் கண்டிருக்கவில்லை. அன்று மாலையே கழுதை வெளியேறிக் காகம் உள்ளே வந்தது. காகம் கத்தினால் விருந்தாளி வருவார் என்பது இங்கே நான்கு வயதுக்கும் தெரிந்த சங்கதி என்பதால், அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்ற பெரியவர்களும் சிரித்தார்கள்.

அதே வாசிப்பில் இன்னொன்றும் தெரிந்தது. அப்போது அம்மம்மா கூவும் படம் 21ஆம் பக்கத்தில் இருந்தது. நான் 20ஆம் பக்கத்தின் முதற்சொல்லை வாசிக்குமுன்னரே ஒருவன் "அம்மம்மா கத்துறா!" என்று சொல்லிவிட்டான். நூலின் மிகப் பெரிய சிரிப்பு, வசனம் தொடங்குமுன் முடிந்துபோயிற்று. அதை ஒரு தாள் தள்ளி வைத்து, 21இல் கதவை மட்டும் திறந்துவிட்டேன். அடுத்த வாசிப்பில் ஒரு பிள்ளை பொறுக்கமாட்டாமல் தாளின் மூலையைத் தானே பிடித்துத் தூக்கியது. தாள் சரியான இடத்தில் திரும்புகிறது என்பதற்கு நான் இன்றுவரை வைத்திருக்கும் அளவுகோல் அந்தச் சிறு விரல்தான்.

ஒருமுறை திருத்திய பின்னர், வேறு பிள்ளைகளுக்கு வாசியுங்கள். அதே பிள்ளைகளுக்குக் கதை தெரிந்துவிட்டதால் அவர்களின் மறுமொழி பயன்படாது.

7. வசனத்தை வெட்டுதல்

படம் நிலைபெற்ற பிறகே வசனத்தைச் செப்பனிட வேண்டும். ஏனெனில் படம் சொல்லிவிட்டதை வசனம் மறுபடி சொல்லத் தேவையில்லை. "காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டிய வேளையில், சிவந்த கொண்டையுடைய அழகிய சேவலொன்று கூரை மீதேறிக் கம்பீரமாக நின்றது" என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். கதிரவன், கொண்டை, சிவப்பு, கம்பீரம் எல்லாம் படத்தில் இருந்தன. மீந்தது இது: "விடியப் போகிறது. சேவலார் கூரையில் ஏறினார்."

முழு நூலுக்கும் 200 முதல் 250 சொற்கள் போதும். தமிழ்ச் சொற்கள் விகுதிகள் ஏறி நீளமாக வருவதால், ஆங்கிலப் படநூல்களின் சொல் எண்ணிக்கையை அளவாக எடுத்தால் பக்கம் எழுத்தால் நிறைந்துவிடும். "ஓடிவந்துகொண்டிருந்தது" என்பதை "ஓடி வந்தது" என்று ஆக்கினால் வாசிப்பவரின் மூச்சும் மிஞ்சும்.

விலங்குகளுக்கு "வந்தது" என்பதா, "வந்தான்" என்பதா, "வந்தார்" என்பதா என்று ஒரு முடிவு எடுத்து, கடைசி வரை மாறாமல் வைத்திருங்கள். சிரிப்புக் கதைக்கு எனது தெரிவு "ஆர்" விகுதி. நரியார் என்று நம் அம்மம்மாக்கள் கதை சொன்ன வழக்கம் அது. கொடியில் காயும் சேலையைத் தின்றுகொண்டிருக்கும் ஓர் ஆட்டை முழு மரியாதையுடன் "ஆட்டார் வந்தார்" என்று அறிவிப்பதிலேயே பாதிச் சிரிப்பு இருக்கிறது. வசனம் எவ்வளவு முகத்தை இறுக்கி வைத்திருக்கிறதோ, படம் அவ்வளவு கூத்தடிக்கலாம். "ஆட்டார் மிக வேடிக்கையாகக் கத்தினார்" என்று எழுதினால் இரண்டும் கெட்டுவிடும்.

கதை சொல்லும் வரிகளை எளிய எழுத்துத் தமிழிலும், விலங்குகளின் பேச்சை நம் பேச்சுத் தமிழிலும் வைத்தேன். "நான் எழுப்பிறன்" என்று ஆட்டார் சொல்லும்போது அவர் இந்த ஊர் ஆடு ஆகிவிடுகிறார். இரண்டையும் ஒரே வரியில் கலக்காமல் இருந்தால் வாசிப்பவர் இடறமாட்டார்.

காகம் கரையும், சேவல் கூவும், மயில் அகவும் என்ற ஒலிமரபை ஏன் விட்டீர்கள் என்று தமிழாசிரியர் ஒருவர் என்னைக் கேட்டார். நான்கு வயதுக்கு வினைச்சொல்லே வேண்டாம் என்பது என் எண்ணம், "கா!" என்று பெரிய எழுத்தில் போட்டால் பிள்ளை தானே கரைந்துகொள்ளும்.

8. படம் வரைபவருடன் எழுத்தில் உடன்பாடு

வரைபவர் வேறொருவர் என்றால், மாதிரியைக் கையளிக்குமுன் உடன்பாட்டை எழுதிக்கொள்ளுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி படைப்பாளிக்குரிய பொருளாதார உரிமைகள் அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கின்றன. படத்துக்கும் வசனத்துக்கும் தனித்தனியே உரிமையாளர் இருக்கலாம். எத்தனை படங்கள், எத்தனை திருத்தங்கள், மறுபதிப்பில் என்ன பங்கு, அட்டையில் யார் பெயர் எவ்வளவு பெரிதாக என்ற நான்கும் ஒரு தாளில் இருந்தால் போதும். நண்பர்தானே என்று விட்ட இடங்களில்தான் நட்புகள் முறிந்திருக்கின்றன.

9. விலங்கையும் வளவையும் நிலைப்படுத்தல்

ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தாள் ஒதுக்கி, முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், படுத்த நிலை, கோபம், வெட்கம் என்று வரைந்து சுவரில் ஒட்டுங்கள். இது இல்லாமல் போனதால் எனது முதல் நூலில் அம்மம்மாவின் சேலை எட்டாம் பக்கத்தில் பச்சை, பத்தாம் பக்கத்தில் நீலம். பெரியவர் எவரும் கவனிக்கவில்லை, பிள்ளைகள் "ஏன் அம்மம்மா உடுப்பு மாத்தினவ?" என்று விடாமல் கேட்டார்கள்.

இணையத்தில் தேடிய படத்தைப் பார்த்து வரைவது இங்கே பெரிய பொறி. நம் அணிலுக்கு முதுகில் மூன்று வெளிறிய கோடுகள். இணையத்து அணில் செந்நிறமாக, வாலை விசிறிபோல நிமிர்த்தி நிற்கும். வீட்டைச் சுற்றும் காகத்தின் கழுத்து சாம்பல் நிறம்; முழுக் கறுப்பாக வரைந்தால் அது அண்டங்காகம். பனைக்குத் தென்னையின் கீற்றை வைத்து வரைந்த படங்களை நான் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். பனையோலை விசிறிபோல விரியும். வளவுக்குள் போய் அரைமணி நேரம் நின்று வரைவதே குறுக்குவழி. நின்று பார்த்திராவிட்டால் ஆட்டின் கண்மணி கிடையான ஒரு கோடு என்பது எனக்குத் தெரிந்திராது. அந்தக் கோட்டை வைத்தவுடன் ஆட்டாருக்கு, எதுவும் விளங்காமல் எல்லாம் தெரிந்தவர் போன்ற ஒரு முகம் வந்து சேர்ந்தது.

பின்னணியில் இன்றைய வளவையே வையுங்கள். துலாவும் கிடுகு வேலியும் பெரியவருக்கு நினைவு. பிள்ளைக்கு மதிலும் தண்ணீர்த் தாங்கியும் மோட்டரும்தான் வீடு. நான் கிடுகு வேலியை ஒரு மூலையில் மட்டும், ஆட்டார் தின்பதற்காக விட்டேன்.

10. இறுதிப் படங்கள்

முதற்பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். கை பழகிக்கொண்டு போவதால் கடைசியில் வரைந்த படம்தான் நன்றாக இருக்கும். ஆகவே 10–11 போன்ற நடுப்பக்கம் ஒன்றில் தொடங்கி, அட்டையையும் 22–23ஐயும் கடைசிக்கு வையுங்கள்.

நீர்வர்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள) தாள் எடுத்தால் நனைந்து நெளிவது குறையும். படத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே நான்கு புறமும் 3 மில்லிமீற்றர் நீட்டி வரையுங்கள். அதாவது ஏ3 இணைப்பக்கத்துக்கு 426க்கு 303 மில்லிமீற்றர். வெட்டும் கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாமல் இருக்க இதுவே வழி. நடுமடிப்பில் முகம், கண், எழுத்து எதுவும் வரக்கூடாது. என் பூனையாரின் மூக்கு ஒருமுறை மடிப்புக்குள் போய்விட்டது. நூலை எவ்வளவு விரித்தாலும் அவர் திரும்பி வரவில்லை.

கைபேசியில் எடுத்த படம் அச்சுக்கு உதவாது. ஒரு மூலை இருண்டும் மறு மூலை வெளிறியும் வரும். உண்மை அளவில் வரைந்ததை 300 டிபிஐயிலும் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), சிறிதாக வரைந்து பெருப்பிக்கப் போவதை 600 டிபிஐயிலும் ஸ்கான் செய்யுங்கள்.

11. எழுத்தை அமைத்தல்

எழுத்துக்கான வெளியை மாதிரியிலேயே ஒதுக்கியிருக்க வேண்டும். முடிந்த படத்தின் மேல் வெள்ளைப் பெட்டி ஒட்டி வசனம் எழுதிய நூல்கள் திருமண வீட்டு அறிவித்தல் போல இருக்கும். அளவு 20 முதல் 24 புள்ளி. ஓரத்திலிருந்தும் மடிப்பிலிருந்தும் குறைந்தது 15 மில்லிமீற்றர் உள்ளே. வரி முடிவில் சொல்லை உடைக்கவே கூடாது.

எழுத்துருவைத் தெரிவு செய்யும்போது "ர" என்பதையும் துணைக்காலையும் அருகருகே இட்டுப் பாருங்கள். சில எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எழுத்துப் பழகும் பிள்ளைக்கு "காரம்" என்ற சொல்லே ஒரு புதிர் ஆகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற, கட்டணமின்றி அச்சுக்கும் பாவிக்கக்கூடிய யுனிகோட் எழுத்துருக்கள் இருக்கின்றன.

இங்கே பல அச்சகங்களில் இன்றும் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் வேலை நடக்கிறது. யுனிகோட் வசனத்தை அவர்கள் மாற்றி இடும்போது சில எழுத்துகள் பிறழக்கூடும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் தமிழுக்குரிய பந்தி அமைப்பைத் தெரிவு செய்யாமல் விட்டால் "கொ" என்பதன் கொம்பு இடம்மாறிப் போய் நிற்கும். எனது நூலின் ஒரு புரூப்பில், அதாவது சரிபார்ப்புப் பிரதியில், "கொக்கரக்கோ" வாசிக்க முடியாத ஒன்றாக வந்திருந்தது. தவறு என்னுடையதே, வசனத்தை மின்னஞ்சலில் தனியாக அனுப்பியிருந்தேன். எழுத்தை நீங்களே இட்டு, எழுத்துருவைப் பதித்த பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள்.

12. அச்சகத்துக்குக் கொடுத்தல்

படங்களைத் திரைக்குரிய வர்ண முறையான ஆர்ஜிபியிலிருந்து அச்சின் நான்கு மை முறையான சிஎம்வைகேக்கு நீங்களே மாற்றித் திரையில் பாருங்கள். கிளிப்பச்சையும் பளிச்சிடும் நீலமும் மங்கும். மங்குவதை அச்சான பிறகு காண்பதை விட முன்னர் கண்டு திருத்துவது மேல். கறுப்பு எழுத்து கறுப்பு மையால் மட்டும் அமைந்திருக்க வேண்டும். நான்கு மைகளும் கலந்த கறுப்பானால், தாள் சற்று விலகும்போது எழுத்தின் ஓரம் நிழலாடும்.

உள்பக்கத்துக்கு 130 ஜிஎஸ்எம் மினுக்கமில்லாத ஆர்ட் தாள், அட்டைக்கு 250 அல்லது 300 ஜிஎஸ்எம் என்று கேளுங்கள். மினுக்கத் தாளில் மின்குமிழ் வெளிச்சம் பட்டு, பக்கவாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் படம் மறையும். சில நூறு பிரதிகள் என்றால் டிஜிட்டல் அச்சு. ஆயிரத்துக்கு மேல் என்றால், தகடு (பிளேட்) செய்து அச்சிடும் ஓஃப்செற்றில் அந்தத் தகட்டின் செலவு பல பிரதிகளுக்குப் பரவிவிடுவதால் ஒரு பிரதியின் விலை இறங்கும்.

திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். ஒரு பிரதியை முழுதாக அச்சிட்டு, மடித்து, கம்பி அடித்துத் தரச் சொல்லி, அதைத் தாள் தாளாகப் புரட்டுங்கள். பக்க ஒழுங்கு மாறியிருப்பது மடித்த பிரதியில் மட்டுமே கண்ணில் படும். கம்பியின் நுனிகள் உட்புறம் தட்டையாக மடிந்திருக்கின்றனவா என்று விரலால் தடவியும் பாருங்கள். இந்த நூல் வாய்க்குள்ளும் போகும்.

13. நூல் எண்

கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையே, நூலுக்குரிய சர்வதேச நியம எண்ணான ஐஎஸ்பிஎன் இலக்கத்தை வழங்குகிறது. 13 இலக்கங்கள், இலங்கை நூல்களுக்கு 978க்குப் பின் 955 அல்லது 624 வரும். தலைப்பும் பக்க எண்ணிக்கையும் முடிவானவுடன், அதாவது இறுதிப் படங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே விண்ணப்பியுங்கள். அச்சுக்கு முதல் நாள் நினைவு வந்தால், பின்னட்டையில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை உங்களுக்குக் காத்திருக்கும்.

14. பெட்டிகள் வந்த பிறகு

ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் அச்சு வேலையை வைக்காமல் இருப்பது நல்லது. ஈரக் காற்றில், ஒரு பக்கம் மட்டும் லமினேற் செய்த அட்டை சுருண்டு, நூல் படகுபோல வளைந்துகொள்ளும். பெட்டிகளை நிலத்தில் வைக்க வேண்டாம். பலகை அடுக்கி, சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வையுங்கள். என் முதல் நூலின் கடைசிப் பெட்டியைக் கறையான் எனக்கு முன்னரே திறந்து, ஆட்டாரையும் பூனையாரையும் தின்று, அட்டையில் சேவலாரின் கொண்டையை மட்டும் விட்டுவைத்திருந்தது.